கல்யாண ஆல்பத்தில் இல்லாத மணப்பெண்

தெருவில் எல்லோரும் அவளைப் பம்பரம் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு தோளில் கேமரா, மறுதோளில் படம் வரைகிற நோட்டு. வரைபடத்தில் பெயரே இல்லாத ஏரிகளைத் தேடிப் போய், சேறும் சிரிப்புமாக வீடு திரும்புவாள். வந்த சூட்டோடு அடுத்த பயணத்துக்குப் பை தைக்கச் சொல்வாள். தைப்பவர் அவள் புருஷன், தையல்காரர். கடையை விட்டால் வீடு, வீட்டை விட்டால் கடை என்று கிடக்கிற மனுஷன்.

அவருக்கு ஒரே ஒரு குறை. இருவரும் சேர்ந்து நிற்கிற படம் ஒன்றுகூட இல்லை. கல்யாணத்தன்றே மணப்பெண் கேமராவும் கையுமாக அலைந்தாள் என்றால் வேறென்ன ஆகும்? ஆல்பம் முழுக்க மாப்பிள்ளை மட்டும் தனியாக, திருதிருவென்று விழித்துக்கொண்டு நிற்கிறார். இருபத்தெட்டு வருஷமாக அது அவர் மனசை உறுத்தியது.

"இந்தத் தடவை நீங்களும் வாங்க. மலை உச்சில சேர்ந்து எடுத்துக்கலாம்," என்றாள்.

ஸ்டூலில் ஏறினாலே கால் உதறுகிற ஆள், அந்த ஆசைக்காகப் போனார். பாதி வழி அவள் பையைப் பிடித்துக்கொண்டு, மீதி வழி கண்ணை மூடிக்கொண்டு.

உச்சியில் கேமராவைப் பாறைமேல் வைத்துப் பொத்தானை அழுத்தினாள். பத்து விநாடியில் அது தானாகவே படம் எடுக்கும். அதற்குள் ஓடி வந்து அவர் பக்கத்தில் நிற்க வேண்டும். முதல் ஓட்டத்தில் தொப்பி பறந்தது. அடுத்ததில் அவர்மேலேயே வந்து மோதினாள்.

"ஏய், ரெண்டு பேரும் உருண்டுடப் போறோம்!" என்று அவர் அலற, அவள் விழுந்து விழுந்து சிரிக்க, மறுபடி ஓட்டம், மறுபடி சிரிப்பு. அவர் பள்ளத்தையே மறந்துபோனார்.

திடீரென்று அவள் முகம் மாறியது. முப்பத்தாறு படம் எடுக்கிற கேமராவில் எண் நாற்பதைக் காட்டியது. திறந்து பார்த்தாள். உள்ளே ஃபிலிமே இல்லை. பையில் ஃபிலிம் வைக்கிற இடத்தில் அவருடைய மாத்திரையும் காலுறையும்தான் இருந்தன.

"உங்க சாமான எடுத்து வைக்கிற குஷில என்னோடதை விட்டுட்டேங்க..." அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

மூக்கை உறிஞ்சிக்கொண்டே நோட்டை எடுத்து அவரை வரைந்தாள். அச்சு அசலாக வந்தது. "உங்களை வரைஞ்சாச்சு. என்னை யாரு வரைவா?"

தாளில் பழையபடி தனியாக நிற்கிற தன்னை அவர் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து துணியில் கோடு போடுகிற நீல சாக்பீஸை எடுத்தார். நாக்கைக் கடித்துக்கொண்டு, தன் படத்தை ஒட்டியே அவளுக்குத் தோள் போட்டார், கை போட்டார், இடுப்பு போட்டார். எல்லாவற்றுக்கும் பக்கத்தில் அங்குலக் கணக்கு. தலைக்கு ஒரு வட்டம்.

"அளவே எடுக்காம எப்படிங்க?"

"உன் அளவு எனக்குத் தெரியாதா?"

சிரித்த சிரிப்பில் அவளுக்கு மூச்சே அடைத்துவிட்டது.

அந்தத் தாள் இப்போது கடைச் சுவரில் தொங்குகிறது. துணி கொடுக்க வருகிறவர்கள் நீலக் கோடுகளைக் காட்டி, எந்தச் சட்டைக்கு வெட்டு இது என்று கேட்கிறார்கள்.

"சட்டை இல்லைங்க," என்கிறார் அவர். "எங்க கல்யாணப் படம்."