பெட்டியைக் கடைசியில் திறக்கிற கிரேஸ்

முதலில் முகர்ந்துதான் பார்ப்பார். காரில் பாட்டுச் சத்தத்தை ஏற்றிக் கொடுக்கும் ஆம்ப்ளிஃபயர் பெட்டியைக் கையில் வாங்கியதும் காற்றோட்டத்துக்கு விட்டிருக்கும் ஓட்டைகளின் பக்கம் திருப்பி, கருவாடு வாங்க வந்தவர் மாதிரி மூக்கருகே ஒரு தரம் கொண்டுபோய்விட்டு மேசையில் வைப்பார். கருகல் வாசனை அடித்தால், உள்ளே வெந்துபோனது என்று பெட்டி இடது பக்கம் போகும். அடிக்காவிட்டால் எதிரே நிற்பவரிடம் ஒரே ஒரு கேள்வி: "கடேசியா இதுல யாரு கை வெச்சது?"

இந்தக் கேள்விக்கு உண்மையைச் சொன்னவர் எவரையும் நான் இன்னும் பார்க்கவில்லை. "யாரும் தொடலக்கா, பாடிக்கினே இருந்துச்சு, திடீர்னு நின்னுடுச்சு" என்பார்கள். கிரேஸ் தலையை ஆட்டிக்கொள்வார். "சரி, யாரும் தொடல. பேயி வந்து தொட்டுச்சுன்னு வெச்சுக்கலாம்" என்றபடியே வோல்ட் அளக்கும் மீட்டரை எடுப்பார்.

நானும் பொய் சொன்னவன்தான். என் காரில் ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் கொசு பாடுவது போல ஒரு சத்தம் வந்தது. யாரும் தொடவில்லை என்றுதான் நானும் சொன்னேன். பத்து நிமிடம் தரைவிரிப்புக்குள் கையை விட்டுத் துழாவியவர் நிமிர்ந்து, "வீடியோ பாத்து நீங்களே வயர இஸ்தீங்களா சார்?" என்றார். குரலில் கேலி இல்லை. அதனால்தான் எனக்கு மானம் போனது.

கும்மிடிப்பூண்டி பைபாஸில் பஞ்சர் கடைக்கும் டிபன் கடைக்கும் நடுவில் பத்துக்குப் பத்து அளவில் ஒரு ஷட்டர் கடை. பெயர்ப்பலகை கிடையாது, ஷட்டரிலேயே 'கார் ஆம்ப்ளி' என்று எழுதி, கீழே ஒரு கைபேசி எண். ஆரம்பாக்கத்திலிருந்து காலை ரயிலில் வந்து இறங்கி, எட்டரைக்கெல்லாம் ஷட்டரைத் தூக்கிவிடுவார். நாற்பதைத் தாண்டிய வயது. சுடிதாருக்கு மேலே பழைய கம்பெனியின் நீலக் கோட்டு. சிப்காட்டில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் பதினோரு வருடம்; முதலில் சால்டரிங் வேலை, பிறகு போர்டுகளைச் சோதிக்கிற மேசை. ஏன் விட்டீர்கள் என்று கேட்டால், "நின்னுகினேதான் பதினோரு வருஷம். காலு போதும்னு சொல்லிடுச்சு" என்பார். அதற்கு மேல் அந்தப் பேச்சு வளராது.

பேட்டரியைத் தொடும் முன் கல்யாண மோதிரத்தைக் கழற்றித் துப்பட்டா முனையில் முடிந்துகொள்வார். சால்டரிங் பிடிக்கும்போது உடம்பில் சேரும் நிலைமின்சாரம் போர்டைக் கெடுக்காமலிருக்க, மணிக்கட்டில் வயர் வைத்த பட்டை ஒன்று ஏறும். தாயத்து என்று டிரைவர்கள் கிண்டல் செய்வார்கள். கடையில் பாட்டு கிடையாது. சரிசெய்த ஆம்ப்ளிஃபயரைச் சோதிக்க, கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் தன் கைபேசியில் பதிவுசெய்த ரயில் அறிவிப்பைத்தான் போடுவார். "பாட்டுன்னா ஒருத்தன் பேஸு ஜாஸ்தி கேப்பான், ஒருத்தன் கம்மி கேப்பான். இந்தம்மா கொரலு எப்டி இருக்கணும்னு இங்க எல்லாருக்கும் தெரியும்." டிபன் கடையில் நாஷ்டா தின்றுகொண்டிருக்கிற வெளியூர்க்காரர்கள் பாதி இட்லியோடு எழுந்ததை இரண்டு முறை பார்த்திருக்கிறேன்.

அவருடைய சட்டம் ஒன்றுதான். பெட்டியைக் கடைசியில்தான் திறக்க வேண்டும். "பத்துல எட்டு நோவு பொட்டிக்கு வெளியதான் சார் இருக்கும். எல்லாரும் மொதல்ல ஸ்குரூ டிரைவரத்தான் தேடுறாங்க."

ஆயுத பூஜை முடிந்து இரண்டாவது வாரம் தேசப்பன் வந்தார். ஐம்பது வயதுக்காரர், ஆரம்பாக்கத்திலிருந்து சிப்காட்டுக்கு ஷிப்டு ஆட்களை ஏற்றி வரும் வேனுக்குச் சொந்தக்காரர், டிரைவரும் அவரே. ஆம்ப்ளிஃபயரை அரிசிக் கோணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். என் கார் அன்றைக்கும் கடை வாசலில் நின்றது. வேறென்ன, மறுபடியும் என் கைவேலை.

"லோகு மாட்டிக் குட்த்த மாலும்மா இது. ரெண்டு மாசம் தாங்கல. சவுண்டு ஏத்துனா செவப்பு லைட்டு எரியுது, கட்டாவுது. டுபாக்கூரு போர்டப் போட்டு ஏமாத்திக்கிறான். நீ தொறந்து பாத்துட்டு ஒரு வார்த்த சொல்லு போதும். மீதிய நான் ஸ்டேண்டுல பேசிக்கிறேன்."

ஏற்கெனவே வேண்டிய மட்டும் பேசிவிட்டுத்தான் வந்திருந்தார். அதையும் அவரே பெருமையாகச் சொன்னார். லோகுவுக்குக் கடை கிடையாது. பைக்கில் ஒரு பை, அதற்குள் கருவிகள். சிப்காட் வேன் ஸ்டாண்டில் நிற்கிற இருபத்துமூன்று வேன்கள்தான் அவனுக்குப் பிழைப்பு. அதில் இரண்டு பேர் அவனை இனி வராதே என்று சொல்லியாயிற்று. நாலு நாளாக அவன் அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை. கிரேஸும் 'ஆமாம், போர்டு போலி' என்று சொல்லிவிட்டால் மீதி இருபத்தொரு வேனும் போய்விடும்.

கிரேஸ் பெட்டியை முகர்ந்தார். கேள்வியைக் கேட்டார். "யாரும் தொடலம்மா" என்றார் தேசப்பன்.

மேசைமேல் இருந்த பேட்டரியில் பெட்டியை மாட்டி, ரயில் அறிவிப்பை முழுச் சத்தத்தில் ஐந்து நிமிடம் ஓடவிட்டார். சிவப்பு விளக்கு எரியவே இல்லை.

"பொட்டி நல்லாத்தான் கீதுண்ணா. வண்டிய எத்துகினு வாங்க."

"வண்டி எதுக்கு? வண்டி நேத்துகூட ஷிப்டு அடிச்சுச்சே."

"முள்ளு கால்ல குத்தி கீது. நீங்க செருப்ப மட்டும் டாக்டராண்ட குட்து அனுப்பினா அவரு இன்னா பண்ணுவாரு?"

தேசப்பன் முனகிக்கொண்டே போனார். அன்றைக்கே, ஷிப்டு ஆட்களை இறக்கிவிட்டுப் பதினோரு மணிக்கு வேனோடு வந்தார். கிரேஸ் மோதிரத்தை முடிந்துகொண்டு கடைசி சீட்டுக்கு அடியில் புகுந்து, பெட்டியை அதன் வயர்களில் மாட்டினார். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் பதிமூன்றே முக்கால் வோல்ட். சத்தத்தை ஏற்றியதும் பெட்டி முனையில் பத்துக்கும் கீழே. சிவப்பு விளக்கு எரிந்து எல்லாம் அடங்கியது.

"பசிண்ணா அதுக்கு. சோறு போய்ச் சேரல" என்று சீட்டுக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

கரண்ட் வருகிற சிவப்பு வயரை முனைக்கு முனை அளந்தார். குறையில்லை. கரண்ட் திரும்பிப் போகிற கறுப்பு வயர், எர்த்து வயர், வேனின் தரையில் ஒரு போல்ட்டில் போய் முடிந்தது. போல்ட்டுக்கு ஸ்பானர் போட்டார். வயரின் வளையத்தைத் தூக்கியபோது அடியில் மஞ்சளாக ஒரு பொருக்கு, நடுவில் சிவப்பு. நகத்தால் சுரண்டி முகர்ந்தார். வெளியே நின்ற எனக்கே வாசனை வந்தது. சந்தனம்.

"கடேசியா யாருண்ணா கை வெச்சது?"

தேசப்பன் வேனின் கூரையைப் பார்த்தார். பிறகு இறங்கிய குரலில் சொன்னார்.

"பூஜைக்கு சீட்டெல்லாம் கழட்டிக் கழுவுனேன். அந்த எடத்துல மட்டும் பெயிண்ட சொரண்டி வெச்சிருந்தான்மா லோகு. வெறும் நெத்தியா இருந்துச்சு. மனசு கேக்கல. போல்ட்ட கழட்டி, சந்தனம் கொழச்சு வெச்சு, நடுவுல குங்குமம் வெச்சு, திரும்ப முடுக்கிட்டேன்."

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. கிரேஸ் சிரிக்கவில்லை. எங்கள் பக்கத்து வேன்களில் ஆயுத பூஜையன்று ஸ்டீயரிங், ஜாக்கி, ஸ்டெப்னி என்று எதையும் விடமாட்டார்கள். தீயணைக்கிற சிலிண்டருக்குக்கூட மூன்று பட்டை உண்டு. தேசப்பன் கொஞ்சம் ஆழமாகப் போய்விட்டார், அவ்வளவுதான்.

"சாமிக்கு வெச்சது தப்பில்லண்ணா. கரண்டு போற வாசல்ல வெச்சிட்டீங்க. பெயிண்டு இருந்தா கரண்டு எறங்காது, அதுக்குத்தான் அவன் சொரண்டிக்கிறான். நானா இருந்தாலும் அங்கதான் சொரண்டியிருப்பேன்."

சுரண்டிய பொடியைத் தரையில் தட்டவில்லை. ஒரு காகிதத்தில் மடித்து டேஷ்போர்டில் வைத்தார். பூஜைக்கு வைத்ததை யாரும் மிதிக்கக் கூடாதாம். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். இரும்பை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, வளையத்தை வைத்து முடுக்கினார். மீட்டர் இப்போது பதிமூன்றரைக்குக் கீழே இறங்கவில்லை. முழுச் சத்தத்திலும் பெட்டி நின்று விளையாடியது. திறக்கவே திறக்காத பெட்டி.

தேசப்பன் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, குரலைக் குழைத்தார். "கிரேஸு, யாராவது கேட்டா லூஸ் கான்டாக்ட்டுன்னு சொல்லிடும்மா. சந்தனம் கிந்தனம்னு சொன்னா ஸ்டேண்டுல என்ன ஓட்டியே சாவடிச்சுடுவானுங்க. லோகு விஷயம் ஒரு மாசத்துல தானா ஆறிடும்."

எனக்குக் கோபம் வந்தது. வெளிப்படையாகவே சொல்கிறேன், அந்த ஆளை இறக்கி நாலு கேள்வி கேட்க வேண்டும் போல இருந்தது. ஒருவன் பிழைப்பு நாலு நாளாக முடங்கிக் கிடக்கிறது. இவருக்குத் தன்னைக் கிண்டல் செய்வார்களே என்று கவலை. வாயைத் திறந்தேன். கிரேஸ் என்னை ஒரு பார்வை பார்த்தார். மூடிக்கொண்டேன்.

"போன குடுங்கண்ணா" என்று கையை நீட்டினார். "புளூடூத்துல பேச்சு நல்லா கேக்குதான்னு பாக்கணும்."

தேசப்பன் கொடுத்தார். கிரேஸ் திரையில் பெயரைத் தேடி அழுத்தி, கைபேசியை அவர் கையிலேயே திருப்பி வைத்தார். மணி அடிக்கிற ஓசை நான்கு ஸ்பீக்கரிலும் வந்தது. ஐந்தாவது மணியில் எடுத்தார்கள்.

"சொல்லுண்ணே. இன்னும் இன்னா பாக்கி கீது?"

லோகுவின் குரல். தொண்டையைச் செருமியது வரைக்கும் துல்லியமாகக் கேட்டது. பஞ்சர் கடைக்காரர் டியூபைத் தண்ணீரில் பிடித்தபடி திரும்பினார். தேசப்பனின் கட்டைவிரல் திரைமேல் தயங்கி நின்றது. கிரேஸ் ஜன்னல் வழியாகக் கையை உள்ளே விட்டு, வெளியே யாருக்கும் கேட்காதபடி சத்தத்தைக் குறைத்தார். பிறகு, லோகுவிடம் உண்மையைச் சொல்லி முடிக்காமல் அவர் இறங்க முடியாதபடி, டிரைவர் பக்கக் கதவை அழுத்திச் சாத்தி, அதன்மேல் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டார்.