எங்களில் யார் கெட்டிக்காரி

புதுச் சீட்டித் துணியின் கஞ்சி வாசனை எங்கே வந்தாலும் எனக்கு மாரியின் ஞாபகம் வந்துவிடும். நாங்கள் இரட்டைப் பிள்ளைகள். தீபாவளிக்கு ஒரே தானில், ஒரே சுருளில் கிழித்த துணியில்தான் இருவருக்கும் பாவாடை தைப்பார்கள். வளையலிலிருந்து வசவு வரைக்கும் எதுவானாலும் சரிபாதியாகத்தான் கிடைக்கும் என்பது அம்மாவின் சட்டம். பந்தல்குடியில் எங்கள் கடைக்கு வருகிறவர்கள் ‘ரெண்டுல எது செவப்பு?’ என்று சும்மா கேட்டால்கூட அவள் முகம் மாறிவிடும். “ஒரு வயித்துப் பிள்ளைகளத் தராசுல வைக்காதீக” என்பாள்.

அந்தத் தராசை டியூஷன் மிஸ் கொண்டுவந்தார். ஆங்கிலத்தில் ‘மோர்’ போட்டு ஒப்பிட்டுப் பேசப் பழகும் பாடம். பக்கத்தில் இருப்பவரோடு தன்னை ஒப்பிட்டு ஆளுக்கொரு வாக்கியம் சொல்ல வேண்டும். மாரி என்னைவிட அழகு என்று நான் திக்கித் திணறிச் சொன்னேன். மாரி என்னைக் காட்டி, ‘ஷி இஸ் மோர் கிளெவர் தேன் மீ’ என்றாள். வீட்டில் வாய்விட்டுச் சொல்லக் கூடாததை அம்மாவின் எதிரிலேயே ஆங்கிலத்தில் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். அவளுக்கு ஒன்றும் புரியாது.

அந்தக் கோடையில் அருப்புக்கோட்டையில் ஓர் இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கு அப்பாவும் அம்மாவும் எங்களைக் கூட்டிப்போனார்கள். ஒரே ஓர் இடம்தான் பாக்கி என்றார் தலைமையாசிரியை. சேர்த்தால் இருவரையும் சேருங்கள், இல்லையென்றால் யாருக்கும் வேண்டாம் என்று அம்மா எழுந்துவிட்டாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்தப் பள்ளி மேல் அவ்வளவு ஆசை. அப்போது மாரி, டியூஷனில் சொன்ன அதே வாக்கியத்தைப் பிசிறில்லாமல் சொன்னாள். தலைமையாசிரியை அசந்துபோய், “தன்னைவிட இவதான் கெட்டிக்காரின்னு சொல்றா உங்க பொண்ணு” என்று அம்மாவுக்கு விளக்கினார். அப்பா தலையாட்டினார். அம்மா மாரியையே பார்த்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள். இடம் எனக்குக் கிடைத்தது.

இன்று நான் இணையத்தில் வெளிநாட்டவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். மாரி கடையைப் பார்த்துக்கொள்கிறாள். சீனாவிலிருந்து படிக்கும் ஒரு பெண் போன வாரம் அதே பாடத்தில் தடுமாறினாள். இரண்டு ஊர்களை, இரண்டு பழங்களை ஒப்பிட்டுச் சொல் என்றேன். மனிதர்களை ஒப்பிடச் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. அம்மா போய்விட்டாள். இருவருக்கும் ஒரே தானில் துணி எடுக்க இப்போது யாருமில்லை.

அன்றைக்கு ஏன் அப்படிச் சொன்னாய் என்று மாரியிடம் ஒருநாள் கேட்டேவிட்டேன்.

“எனக்கு முழுசா வந்த இங்கிலீஷு அது ஒன்னுதான்டி” என்றாள்.