பெருக்கல் குறி

காயில்காரர் என்றால்தான் அந்தத் தெருவில் தெரியும். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகிய செம்புக் கம்பியை உருவி எறிந்துவிட்டுப் புதுக் கம்பியைக் காயிலாகச் சுற்றிக் கொடுப்பது அவர் தொழில். மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவர். தாண்டியவர்கள் என்ன கிழித்தார்கள்? அவர் கை பட்ட மோட்டார் மறுபடி பட்டறைப் படி ஏறியதாகச் சரித்திரம் கிடையாது. சொந்தப் பட்டறை, மாடி வைத்த வீடு, மகளுக்குப் பெரிய படிப்பு, எல்லாமே வார்னிஷ் வாடையிலும் கம்பிச் சுருளிலும் வந்தவை. எவனிடமும் போய்ப் பல்லைக் காட்டி வந்ததல்ல.

அப்பேர்ப்பட்ட மனிதருக்கும் வயிற்றெரிச்சல் ஒன்று இருந்தது. அதற்குக் கையும் காலும் முளைத்து, சகலை என்ற உறவோடு நடமாடியது. மனைவியின் தங்கை புருஷன். கழுத்தில் டை கட்டிக்கொண்டு ஆபீஸ் போகிறவன். நேரில் 'தம்பி' என்று கூப்பிட்டாலும், காயில்காரர் மனசுக்குள் அவனுக்கு வைத்திருந்த பேர் 'கழுத்துப்பட்டை'. பிள்ளை இல்லாதவன், பாசத்தையெல்லாம் காயில்காரர் மகள் மேலேயே கொட்டினான். கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்ததும் அவன்தான். அதனால் வந்தது வினை. அவளுக்கு வேலை கிடைத்த சேதி முதலில் போனது சித்தப்பாவுக்கு. கல்யாணமாகிப் புருஷனோடு வெளிநாடு போகிற சேதியும் சித்தப்பாவுக்கே. பெற்றவருக்கு எப்போது தெரிந்தது? கழுத்துப்பட்டை மிட்டாய்ப் பெட்டியும் கையுமாக வாசலில் நின்று, "அண்ணே, கேள்விப்பட்டீங்களா?" என்று இளித்தபோதுதான். அந்த மிட்டாய் அவருக்குத் தொண்டையில் முள்ளாக நின்றது.

இப்போது மகளிடமிருந்து மறுபடி ஒரு தகவல். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கம்ப்யூட்டரில் வருவாளாம். முக்கியமான விஷயமாம். அப்பா அம்மா முகத்தைப் பார்த்துத்தான் சொல்வாளாம்.

"கேட்டியா?" என்றார் மனைவியிடம். "இந்தத் தடவை எனக்குத்தான் முதல்ல."

"எனக்கும்தானேங்க?"

"உனக்கும்தான். அவனுக்கு இல்ல, அதைப் பாரு."

ஞாயிறு மத்தியானமே கம்ப்யூட்டரைப் போட்டுப் பார்த்தார். திரை பளிச்சென்று வந்தது. ஆனால் எப்போதும் எழும்போது 'டிங்' என்று ஒரு சத்தம் கொடுக்குமே, அது இல்லை. ஒரு பாட்டைப் போட்டார். பாடுகிறவள் வாயைத் திறந்து திறந்து மூடினாள். மூச்சுச் சத்தம்கூட வரவில்லை.

"என் தங்கச்சி வீட்டுக்காரருக்கு ஒரு போன் போடட்டுமா? அஞ்சு நிமிஷத்துல பார்த்துடுவாரு" என்றாள் மனைவி.

"போடு! அப்படியே உள்ள உக்கார வெச்சு, என் பொண்ணு சொல்றதையும் அவனையே முதல்ல கேக்கச் சொல்லு! ஊர்ல இருக்கற மோட்டாரெல்லாம் என் கையில பேசுது. இந்தப் பெட்டி பேசாதா?"

திருப்புளியின் முனையைப் பெட்டியில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். மோட்டாருக்குள் பேரிங் தேய்ந்திருக்கிறதா என்று அவர் அப்படித்தான் கண்டுபிடிப்பார். உள்ளே காற்றாடி சீராக ஓடியது. "உயிர் இருக்கு" என்றார். ஸ்பீக்கரின் முதுகைக் கழற்றி, டார்ச் பேட்டரி ஒன்றை அதன் முனைகளில் தொட்டார். 'டப்' என்றது. ஸ்பீக்கரும் சுகம். ஒயரை அங்குலம் அங்குலமாகத் தடவினார். எங்கேயும் அறுந்திருக்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று ஸ்பீக்கரில் சத்தம் கூட்டும் குமிழைக் கடைசிவரை திருகி வைத்தார். பாட்டுக்காரி அப்போதும் மீன் மாதிரி வாயைத்தான் அசைத்தாள்.

மனைவி திரையின் மூலையைக் காட்டினாள். "இங்க குட்டியா ஒரு ஸ்பீக்கர் படம் இருக்கே, அது பக்கத்துல ஏதோ குறுக்கும் மறுக்குமா ரெண்டு கோடு போட்டிருக்குங்க."

காயில்காரர் சிரித்தார். "அடி பைத்தியமே, அது பெருக்கல் குறி. இது ஒலிபெருக்கி, பக்கத்துல பெருக்கல். சத்தத்தைப் பெருக்கி வெச்சிருக்குன்னு அர்த்தம். அதுல கைய வெச்சுடாதே, இருக்கறதும் குறைஞ்சிடும். வாய்ப்பாட்டைத் தலைகீழாச் சொல்றவன்கிட்டயே குறி காட்டறா!"

அவள் சமையலறைக்குப் போனாள். அவள் போன் அங்கேதான் இருந்தது.

சாயங்காலம் வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் டை இல்லாமல் கழுத்துப்பட்டை உள்ளே நுழைந்தான். காயில்காரர் மனைவியை ஒரு முறை முறைத்தார். அவள் சுவரைப் பார்த்தாள்.

"தள்ளுங்கண்ணே, ஒரு நிமிஷம் பார்த்துடறேன்."

"நான் எழுந்திரிக்கறதா இல்ல. எல்லாம் பார்த்தாச்சு. வேணும்னா பின்னாடி ஒயர் ஏதாவது லூஸா இருக்கான்னு குனிஞ்சு பாரு."

பாவம், அவனும் மேசைக்குப் பின்னால் போய் மண்டியிட்டான். அந்த நேரம் பார்த்துத் திரையில் மகள் வந்துவிட்டாள்.

காயில்காரர் நாற்காலியில் நிமிர்ந்தார். மகள் சிரித்தாள், ஏதோ சொன்னாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்கவில்லை என்று கையைக் காட்டியிருக்கலாம். பின்னால் அவன் இருக்கிறானே! அவன் எதிரிலா தோற்றுப்போவது? எல்லாம் கேட்கிற மாதிரி தலையை ஆட்டினார். அவள் மேலும் சொன்னாள். "ஆமா ஆமா" என்றார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இவர் வாய் நிறையச் சிரித்து வைத்தார்.

மனைவி அவர் விலாவில் இடித்துக் காதில் கிசுகிசுத்தாள். "என்னங்க சொல்றா? சத்தமே வரலையே!"

"வரும், இரு. அதான் பெருக்கல் குறி இருக்கில்ல?"

"என்ன குறிண்ணே?" என்று மேசைக்குப் பின்னாலிருந்து கிசுகிசுப்பாகக் குரல் வந்தது. கழுத்துப்பட்டை மகளின் பார்வையில் படாமல் பக்கவாட்டில் தலையை நீட்டித் திரை மூலையைப் பார்த்தான். "அண்ணே, இது பெருக்கல் இல்ல. தப்புக்குப் போடற குறி. சத்தத்தை அடைச்சு வெச்சிருக்கு."

"தப்பா? என் சிலேட்டுல வாத்தியார் ஒரு நாள்கூட இந்தக் குறி போட்டதில்ல!" என்றார் வாய்க்குள்ளேயே.

"என் நோட்டு பூரா இதுதாண்ணே. அதான் பார்த்த உடனே தெரியுது" என்றபடி எட்டி மவுஸை ஒரு தட்டுத் தட்டினான்.

ஸ்பீக்கர் குமிழ் கடைசிவரை திருகியிருந்ததல்லவா? வீடே அதிர மகள் குரல் வெடித்தது.

"...அதனாலதான்பா உங்க ரெண்டு பேர்கிட்ட முதல்ல சொல்றேன்! சித்தப்பாகிட்ட இப்ப மூச்சு விடாதீங்க! அவரு ஊருக்கே தம்பட்டம் அடிச்சுடுவாரு!"

மவுஸ் மேல் இருந்த கை மெல்லப் பின்வாங்கியது. கழுத்துப்பட்டையின் முகம் சுருங்கிப்போனதைக் காயில்காரர் பார்த்தார். இத்தனை வருஷமாகத் தன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று அப்போது தெரிந்தது. வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது அவருக்கு. அவனோ, வெளியே இருக்கிறேன் என்று சைகை காட்டிவிட்டுச் சத்தமில்லாமல் நழுவினான்.

காயில்காரர் குமிழைத் திருகிச் சத்தத்தைக் குறைத்தார். "கண்ணு, இன்னொரு தடவை சொல்லு."

"அவ்வளவு நேரம் தலையை ஆட்டினீங்களேப்பா!"

"நல்ல விஷயத்தை ரெண்டு தடவை கேட்டா என்ன?"

"நீங்க தாத்தா ஆகப்போறீங்க."

மனைவி ஓவென்று அழுதாள், பிறகு சிரித்தாள். பேசி முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

வெளியே வந்தபோது கழுத்துப்பட்டை ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றிருந்தான். "நல்ல விஷயம்தானேண்ணே? அதை மட்டும் சொல்லுங்க. வேற எதுவும் வேண்டாம்."

"நல்ல விஷயம்தான்."

"அது போதும்" என்று வண்டியைத் தள்ளினான்.

காயில்காரர் வாசற்கதவைப் பிடித்தபடி நின்றார். முதலில் கேட்டாகிவிட்டது. ஆனால் என்ன கேட்டோம் என்று இவனுக்குத் தெரியாவிட்டால் கேட்டு என்ன பிரயோஜனம்? எதை இழந்தோம் என்றே தெரியாமல் நிம்மதியாகப் போய்ப் படுத்துவிடுவானே! நாக்கு நமநமத்தது.

"டேய் தம்பி! நில்லு! நான் தாத்தா ஆகப்போறேன்!"

ஸ்கூட்டரை அப்படியே நிறுத்திவிட்டு ஓடி வந்து அவரைக் கட்டிக்கொண்டான். அவர் தோள் நனைந்தது.

"விடுறா, விடுறா. அவ சொல்றப்போ முன்னாடியே தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதே. புதுசாக் கேக்கற மாதிரி தலையை ஆட்டு."

"இப்பதானே பார்த்தேன், நீங்க ஆட்டினதை. அதே மாதிரி ஆட்டிடறேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டவன், சட்டென்று முகம் மலர்ந்தான். "அப்போ நானும் தாத்தாதானேண்ணே?"

காயில்காரருக்கு வயிறு மறுபடி எரிய ஆரம்பித்தது.

"சின்னத் தாத்தா!" என்றார் தெருவுக்கே கேட்கும்படி. "சின்ன!"