சீலிங் பூச்சு

கொத்தனார் சென்னியப்பனுக்கு வலது தோள் போய் இரண்டு வருடமாகிறது. கை நெஞ்சுக்கு மேலே எழாது. இது தெரிந்த ஒரே ஆள், அவரோடு சித்தாளாகக் கலவைச் சட்டி தூக்கும் அவர் பெண்சாதி வள்ளியாத்தாள். மேல்சுவரையும் சீலிங்கையும் அவள்தான் பூசினாள். மற்றவர்கள் சோறு தின்னப் போகும் நேரம் பார்த்து, யாரும் எட்டிப் பார்க்காத உள்ளறைகளில்.

சனிக்கிழமை கூலி பிரிக்கும்போது, நாளுக்கு அவருக்கு ஆயிரத்து நூறு, அவளுக்கு அறுநூறு. இரண்டும் ஒரே அடுப்புக்குத்தானே போகிறது என்று சென்னியப்பன் மனசைத் தேற்றிக்கொள்வார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவருக்குச் சாக்கா கிடைக்காது?

பரமத்தி ரோட்டில் ஒரு வீடு கட்டும் வேலை நடந்தது. வடக்கத்திப் பையன்கள் பண்டிகைக்கு ஊருக்குப் போய்விட்டதால் மேஸ்திரி சின்னுசாமிக்குப் பூச்சுக்கு ஆள் இல்லை. சென்னியப்பன் வேலை செய்த அடுப்படிக்குள் வந்தவர் சீலிங்கை அண்ணாந்து பார்த்தார். வள்ளியாத்தாள் பூசுவதை யாரோ பார்த்து அவர் காதில் போட்டிருக்க வேண்டும்.

“ஏனுங்க கொத்தனாரே, உங்க ஊட்டுக்காரம்மாளுக்குப் பூச்சு வருமாமா? வந்தாச் சொல்லுங்க, நாளையிலிருந்து கொத்தனார் கூலியே போட்டர்றேன்.”

வள்ளியாத்தாள் தலையில் சட்டியோடு வாசலில் நின்றாள். அவள் முகம் மலர்ந்ததைச் சென்னியப்பன் பார்த்தார். பார்த்துவிட்டுத்தான் சொன்னார்.

“அதெல்லாம் இல்லீங்க. அவளுக்குச் சட்டி தூக்கத்தான் தெரியும்.”

ஆமாம் என்றால், அப்புறம் நீங்கள் எதற்கு என்று மேஸ்திரி கேட்டுவிடுவாரோ என்ற பயம். பொண்டாட்டிக்குச் சட்டி தூக்குகிறவன் என்று ஊர் சிரிக்குமே என்ற பயம் அதைவிடப் பெரிது. மேஸ்திரி தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். சொன்ன வாயை உரலில் வைத்து இடிக்கலாம் போலிருந்தது சென்னியப்பனுக்கு. ஆனால் பின்னாலேயே ஓடி உண்மையைச் சொல்லக் கால் எழவில்லை. வள்ளியாத்தாள் சட்டியை இறக்கி வைத்துவிட்டு அடுத்த நடைக்குப் போனாள்.

மதியம் ஆட்கள் சாப்பிடப் போனதும், வழக்கம்போலப் பூச்சுக் கரண்டியை அவளிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை. சட்டியை அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் சாரத்தின் மேல் வைத்தாள்.

“எனக்குச் சட்டி தூக்கத்தானுங்க தெரியும்” என்றாள்.

குரலில் கோபமே இல்லை. அது இருந்திருந்தால் அவரும் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பார். வேறு வழியில்லாமல் சாரத்தில் ஏறினார். கரண்டியில் கலவையை அள்ளிக் கையைத் தூக்கினார். நெஞ்சோடு நின்றுவிட்டது. பல்லைக் கடித்து எக்கினார். கலவை சொத்தென்று தரையில் விழுந்தது.

வள்ளியாத்தாள் குனிந்து அதை வழித்துச் சட்டியில் போட்டு, மறுபடி அவர் பக்கத்தில் வைத்தாள்.