யேசுரட்ணம் கீறிய மாதா

1991ஆம் ஆண்டில் வியாழக்கிழமை மாலை ஆறரை மணியானால், கொட்டாஞ்சேனை முழுவதும் என் வீட்டு முன்னறைக்குள் இருந்தது. சாமியார் பூசை நேரத்தை மாற்றினார். துறைமுகத்தில் கப்பல்கள் காத்து நின்றன. சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். வந்தவர்கள் எங்கள் ஒழுங்கையில் பதினான்கு பேர். கப்பல்கள் எதற்காகக் காத்து நின்றனவோ, எனக்குத் தெரியாது.

அவர்கள் பார்க்க வந்தது ஒரு வெளிநாட்டுத் தொடர். பழைய ஓவியங்களைப் போலவே புதிதாகக் கீறி, அசல் என்று விற்கிறான் ஒருவன். அவனைத் துரத்துகிறாள் ஒரு பெண் பொலிஸ். திரையில் ஓடும் ஆங்கில எழுத்தை நான் தமிழில் சொல்வேன். சில இடங்களில் கதையைத் திருத்தியும் சொன்னதுண்டு. தொடர் முடிந்ததும் நேயர் கடிதங்களை வாசிப்பார்கள். அதற்குள் என் முன்னறையில் தீர்ப்பு முடிந்திருக்கும்.

“அவன்ர கையைத் தறிக்கவேணும்,” என்பார் ஒஸ்வால்ட். கப்பல் கம்பனி ஒன்றில் கிளாக்கர்.

“எந்தக் கையை? அவன் ரெண்டு கையாலயும் கீறுறான்,” என்பேன் நான்.

பக்கத்து வீட்டு லுத்பியா முக்காட்டைச் சரிசெய்தபடி சொல்வாள்: “கீறின குத்தமில்ல டீச்சர். அசல்னு சொல்லி வித்தானே, அதான் குத்தம்.”

ஒஸ்வால்ட் கதவுப் பக்கம் திரும்புவார்: “யேசு அண்ணை, நீங்களும் பெயின்ற் அடிக்கிற ஆள். சொல்லுங்கோவன்!”

கதவோரம் நிற்கும் யேசுரட்ணம் தலையைக் குனிந்துகொள்வார். “நான் பெட்டிக்கு நம்பர் எழுதுறவன். எனக்கென்ன தெரியும்?”

இந்த யேசுரட்ணத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் ஏற்றுமதிப் பெட்டிகளில் கறுப்பு மையால் எழுத்தும் இலக்கமும் எழுதியவர். எங்கள் ஒழுங்கைக் கதவிலக்கங்களும் அவர் கைதான். மனைவி இல்லை, கொன்ஸ்ரன்ஸ் என்று ஒரு மகள். தன் வாழ்நாளில் ஒரேயொரு பொய் சொன்னார். நான் ஒரு மணித்தியாலத்தில் சொல்வதை விடக் குறைவு. ஆனால் எனக்கு அது பழக்கம், அவருக்கு இல்லை.

எங்கள் ஒழுங்கைக்கு ஒரு மாதா படம் உண்டு. செபமாலை மாதமான ஒக்டோபரில் ஒவ்வொரு மாலையும் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போகும். மாதம் முடிந்ததும் கடைசி வீட்டிலேயே தங்கிவிடும். எண்பத்துமூன்று ஜூலைக் கலவரத்தின்போது அது யேசுரட்ணம் வீட்டில் இருந்தது. அந்த வீடு எரிந்தது.

அகதி முகாமிலிருந்து எல்லாரும் திரும்பிய அன்று, எங்கள் ஒழுங்கை நேசம் தன் வீட்டைக்கூடப் பார்க்காமல் அவரிடம் ஓடினாள். “யேசு தம்பி, மாதா எங்க?”

“பத்திரமா இருக்கு அக்கா,” என்று வாய் சொல்லிவிட்டது. இருந்தது ஒரு பிடி சாம்பல்.

அன்றே என்னிடம் வந்து, என் செபப்புத்தகத்துக்குள் இருந்த அதே படத்தின் சின்னப் பிரதியை வாங்கிக்கொண்டு போனார். கழித்துவிட்ட தேயிலைப் பெட்டிப் பலகையில் மூன்று கிழமை கீறினார். மண்ணெண்ணெய் விளக்குப் புகையில் பிடித்துக் கறுப்பாக்கினார். பின்புறத்தை மண்ணிறக் கடதாசி ஒட்டி மூடினார். நெருப்புக்குள்ளிருந்து மாதா தப்பி வந்தாள் என்று ஒழுங்கையே அழுதது. உண்மை தெரிந்த நானும் அழுதேன். அதன் பிறகு செபமாலை நேரத்தில் அவர் முழங்காலில் இருந்து நான் காணவில்லை.

தொடர் ஓடிய வருடம், நேசத்தின் ஒரே மகன் றொபேட் ஏஜென்சிக்காரனை நம்பி ஐரோப்பாவுக்குப் புறப்பட்டுப் பதினாறு மாதம் ஆகியிருந்தது. ஒரு வரி இல்லை. தபால்காரனின் மணி கேட்டால் நேசம் வாசலுக்கு ஓடி வருவாள். “நெருப்புக்குள்ளால வந்தவ. என்ர பிள்ளையைக் கைவிடுவாவே?” என்பாள். அவளுக்கு இருந்த பிடி அது ஒன்றுதான். அதைக் கேட்கும்போதெல்லாம் யேசுரட்ணம் எழுந்து வெளியே போய்விடுவார்.

செப்டெம்பரில் ஒரு நாள் தயங்கித் தயங்கி வந்தார். “ரீச்சர், ரீவிக்காரருக்கு ஒரு கடிதம் எழுதித் தாங்கோ. ஒருத்தன் விக்கிறதுக்கில்லாமல், மற்றவையின்ர மனம் உடையக்கூடாதெண்டு கீறினால், அவன் என்ன செய்யவேணும்? பேர் போடவேண்டாம்.”

எழுதிக் கொடுத்தேன். நாலு வியாழன் கடிதம் வாசிக்கும் நேரத்தில் கதவோரத்தை விட்டு ரீவிக்குக் கிட்ட வந்து நின்றார். அது வாசிக்கப்படவில்லை.

ஐந்தாம் வியாழன் மாதா படம் என் வீட்டுக்கு வந்திருந்தது. செபத்தைத் தொடருக்குப் பிறகு வைத்தது என் பிழை. ஒருவரும் மறுக்காதது அவர்கள் பிழை. அன்று பெண் பொலிஸ் ஓர் ஓவியத்தைத் திருப்பி, பின்பலகையைப் பார்த்துக் கள்ளனைப் பிடித்தாள். பிறகு வாசித்தது ஒஸ்வால்டின் கடிதம்: ‘பின்பக்கம் பார்க்காமல் எந்தப் படத்தையும் நம்பக்கூடாது.’ தன் பெயரைத் தொலைக்காட்சியில் கேட்ட மனிதர் உடனே எழுந்துவிட்டார்.

“எங்கட மாதாவையும் ஒருக்காத் திருப்பிப் பாப்பம், பகிடிக்கு.”

“இரும் ஒஸ்வால்ட், செபத்துக்கு நேரமாச்சு.”

“ஏன் ரீச்சர், பயமோ?”

நேசம் ஏற்கெனவே முழங்காலில் இருந்தாள். யேசுரட்ணம் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். ஒஸ்வால்ட் படத்தைத் தூக்கினார். அதே கணத்தில் மின்சாரம் நின்றது. கொட்டாஞ்சேனை முழுவதும் கும்மிருட்டு. மெழுகுதிரி தேடி எடுப்பதற்குள் நான் படத்தைப் பறித்து இருந்த இடத்தில் வைத்துவிட்டேன். நேசம் செபத்தைத் தொடங்கினாள். யாரும் எதையும் பார்க்கவில்லை.

இந்த இடம் வரை வாசித்துக் காட்டியதும், எனக்கு எதிரே இருந்த யேசுரட்ணத்தின் மகள் கொன்ஸ்ரன்ஸ் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

“ரீச்சரன்ரி, அண்டைக்குக் கரண்ட் போகேல்ல. ஒஸ்வால்ட் மாமா கடதாசியைக் கிழிச்சவர். பலகையில அப்பாட எழுத்து இருந்தது, எண்பத்துமூண்டு ஓகஸ்ட் எண்டு. எல்லாரும் பாத்தவை. நேசம் மாமியும் பாத்தவ. எழும்பிப் படத்தை வாங்கித் திருப்பி வைச்சுப்போட்டு, ‘யேசு தம்பி, நீ தொடங்கு’ எண்டவ. அப்பா முழங்காலில இருந்தவர். வாய் திறக்கேலாமல் போச்சு. மாமிதான் ஐம்பத்துமூண்டு மணியும் தனியச் சொன்னவ.”

“அவ கோவிக்கேல்லத்தானே,” என்றேன் நான்.

“கோவிக்கேல்ல. ஆனா அடுத்த நாள் தபால்காரன் மணி அடிச்சுக்கொண்டு வந்தவன். மாமி வாசலுக்கு வரேல்ல. பிறகு ஒருநாளும் வரேல்ல. அதையும் எழுதுங்கோ.”