மீசைக்கார சீல் தின்றதா, இல்லையா?

திருப்பதியில் நானும் இன்னொரு பெண்ணும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். வடதுருவக் கடலுக்கடியில் எடுத்த வீடியோக்களைப் பார்த்து, சீல் என்னும் கடல்நாய் 'தின்கிறது', 'தின்னவில்லை' என்று கம்ப்யூட்டரில் குறிக்க வேண்டும். ஒரு வாரம் சோதனை. தப்பு அதிகமானால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அவள் கோயில் கைங்கரியம் செய்யும் வைணவக் குடும்பம். திரையில் சீல் மீனைக் கவ்வினாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நானோ சித்தூர்க் கிறிஸ்தவக் குடும்பம். ஞாயிறு ஆராதனை முடிந்து வந்தால் எங்கள் வீட்டில் மீன்குழம்பு இருந்தே ஆகவேண்டும். அந்தத் தலைக்கனம் எனக்கு நிறையவே இருந்தது. பாவம், இவளை நாம்தான் கரைசேர்க்க வேண்டும் என்று நானே முடிவுசெய்துகொண்டேன்.

நீள மீசை வைத்த ஒரு வகை சீல் அடிக்கடி வந்தது. கடலடிச் சேற்றில் மூஞ்சியை அழுத்திக்கொண்டு அப்படியே நகர்ந்து போகும். பக்கத்தில் ஒரு மீனும் இருக்காது. அதற்கெல்லாம் அவள் 'தின்கிறது' என்று குறித்திருந்தாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"மீனே காணோம், இன்னாத்த துன்னுது? மண்ணையா? பொறந்ததுலேர்ந்து மீன் துன்னுக்கினு கீறேன், எனக்குத் தெரியாதா? மாத்துடி" என்றேன். மீன் விஷயம் எனக்குத் தெரிந்திருக்கும் என்று நம்பி, எல்லாவற்றையும் மாற்றிவிட்டாள்.

கடைசி நாள் மதியம். நாலு மணிக்குள் வேலையை ஒப்படைக்க வேண்டும். நான் சாம்பார் முருங்கைக்காயை உறிஞ்சி உறிஞ்சி டப்பா மூடியில் சக்கையைக் குவித்துக்கொண்டிருந்தேன். அவர்கள் வீட்டில் ஆசாரம் பார்த்து முருங்கைக்காய் சமைக்க மாட்டார்கள். அதனால் கண்கொட்டாமல் என்னையே பார்த்தாள்.

"அந்த சீலும் இதேதான்டி பண்றது. உறிஞ்சிட்டு சக்கையைப் போட்டுடறது. மீனைப் பாக்கப் பிடிக்காம நான் தரையையே பாத்துண்டிருந்தேனா? அது போனப்புறம் சிப்பியெல்லாம் காலியாக் கெடக்கு."

கையைக்கூடச் சரியாகக் கழுவவில்லை, ஓடினோம். வீடியோவில் சேறு அடங்கியதும் வாய்பிளந்த சிப்பிகள் தெரிந்தன. உள்ளே சதை இல்லை. என் பேச்சைக் கேட்டு இவள் வேலை போயிருக்குமே என்று பயந்தேன். வெட்கமாகவும் இருந்தது.

"மன்னிச்சுக்கடி."

"அதெல்லாம் அப்புறம். மொதல்ல மாத்து."

நாலு மணிக்குள் இருவரும் எல்லாவற்றையும் திருத்தி முடித்தோம்.

மறுநாள் இருவருக்கும் வேலை உறுதியானது. சிப்பி தின்பதை மற்றவர்கள் யாருமே கவனிக்கவில்லையாம். "எவரு கனிபெட்டாரு?" என்று மேலாளர் தெலுங்கில் கேட்டார், யார் கண்டுபிடித்தது என்று. நான் அவளைக் காட்டினேன். அவள் என் சாப்பாட்டு டப்பாவைக் காட்டினாள்.