சிறைக்குள் ஒரு பாறணை

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் நான் இத்தாலியத் தீவு நகரமான பலேர்மோவில், லிபெர்த்தா வீதிப் பக்கம் சிஞ்ஞோரா என்று நாங்கள் கூப்பிடும் ஒரு வெள்ளைக்கார அம்மாவின் வீட்டில் சமையலும் துப்புரவுமாக வேலை செய்துகொண்டிருந்தேன். இத்தாலிய மொழி எனக்கு அந்த அம்மாவின் ஏச்சில் வந்ததுதான். நன்றாகவே வந்துவிட்டதால், தமிழ்ச் சனத்துக்கு ஆஸ்பத்திரியிலோ பொலிஸ் கந்தோரிலோ கதைக்க ஆள் வேண்டுமென்றால் எங்கள் மாதா கோயில் பங்குச் சுவாமி என்னைத்தான் பிடிப்பார்.

ஒரு ஐப்பசியில் அவர் வேறு மாதிரி உதவி கேட்டார். நகரச் சிறையில் ஒரு தமிழர் சாப்பிடாமல் கிடக்கிறாராம், வந்து கதைத்துப் பார்க்க முடியுமா என்றார். ஊரில் என் அண்ணரை இராணுவம் பிடித்துக்கொண்டு போனபோது முகாம் வாசலில் நாள்கணக்காக நின்றவள் நான். அண்ணர் உயிரோடு திரும்பி வந்துவிட்டார். ஆனாலும் கம்பிவேலியைக் கண்டால் எனக்கு இன்னமும் கால் நகராது. அரைமனதோடுதான் ஓம் என்றேன்.

உள்ளே இருந்தவரை எனக்கு முகப்பழக்கம் உண்டு. ஒரேத்தோப் பகுதியில் மனைவியோடும் கைக்குழந்தையோடும் இருந்த யாழ்ப்பாணத்துக்காரர், ஒரு சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவுகிறவர். ஊரவன் ஒருவன் இவருடைய அறையில் வைத்துவிட்டுப் போன பைக்குள் கள்ளப் பாஸ்போர்ட்டுகள் இருந்திருக்கின்றன. பையின் சொந்தக்காரன் மாயமாகிவிட, இவர் மாட்டிக்கொண்டார்.

போகிற வழியில் சுவாமி அந்தச் சிறையின் இயக்குநரைப் பற்றிச் சொன்னார். சாதாரண எழுத்தராகச் சேர்ந்து படிப்படியாக மேலே வந்த மனிதராம். முன்பெல்லாம் பார்க்க வருகிற பெண்கள் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்று கத்த வேண்டும். இவர் வந்து அந்தத் தடுப்பை இடித்து மேசை கதிரை போடுவித்திருக்கிறார். வீட்டுச் சாப்பாட்டைக் காவலர்கள் கத்தியால் குத்திக் குழப்பிக் கொடுப்பதையும் நிறுத்திவிட்டார். கொண்டுவருகிறவர் காவலருக்கு முன்னால் ஒரு வாய் சாப்பிட்டுக் காட்டினால் போதும், பாத்திரம் அப்படியே உள்ளே போகும். மத்தியானத்தில் கைதிகளின் சாப்பாடுதான் அவருக்கும். அந்தக் காலத்துப் பலேர்மோவில் கைதிகளுக்கு இரங்குவது நல்ல பெயர் வாங்கித் தருகிற வேலை அல்ல. காவலர்களே அவரை ஹோட்டல் முதலாளி என்று நக்கலடித்தார்களாம்.

இயக்குநர் தடித்த மூக்குக்கண்ணாடி போட்ட, கட்டையான மனிதர். என்னை இருக்கச் சொல்லிவிட்டு விஷயத்தைச் சொன்னார். ஆள் சில நாட்களாகத் தண்ணீர் மட்டும் குடிக்கிறார், காவலர்கள் இதை உண்ணாவிரதப் போராட்டம் என்று மேலே அறிவித்துவிட்டார்கள், இப்படியே போனால் ஆஸ்பத்திரி உள்ள நாப்போலிச் சிறைக்குக் கப்பலில் அனுப்பியே ஆகவேண்டும். போனால் எப்போது திரும்புவார் என்று தனக்கே தெரியாது என்றார். கைக்குழந்தையோடு அந்தப் பெண் கடல் கடந்து போய் அவரை எப்படிப் பார்ப்பாள்?

ஆளைக் கூட்டிவந்தார்கள். முகம் வாடியிருந்தது, கண் மட்டும் தெளிவு. என்ன வேண்டுமென்று கேட்டேன்.

"ஒண்டும் வேண்டாம் அக்கா. கந்தசட்டி விரதம். சூரன்போர் முடியப் பாறணை பண்ணிச் சாப்பிடுவன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதை ஏன் ஒருத்தருக்கும் சொல்லவில்லை என்றேன்.

"சொன்னனான். கையை மேலை காட்டிக் கும்பிட்டனான்."

காவலர்கள் அதைப் பார்த்து, மனிதன் மேலே போகத் தயாராகிவிட்டான் என்று பயந்திருக்கிறார்கள்.

இயக்குநர் சிரிக்கவில்லை. எந்த நாளில் முடியும், முதலில் என்ன சாப்பிடுவார், யார் சமைக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். வேதக்காரியான நான் முருகனையும் சூரனையும் இத்தாலிய மொழியில் விளக்கின பாடு எனக்குத்தான் தெரியும். எங்கள் தபசுகால நோன்பு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள் என்று முடித்தேன். விரதம் முடிக்கிற அன்று காலையில் மனைவி சமைத்துக் கொண்டுவரட்டும் என்றார் இயக்குநர். அன்றைக்கும் சாப்பிடாவிட்டால் அன்றிரவே கப்பல், அதற்குமேல் தன் கையில் ஒன்றும் இல்லை என்றும் சொன்னார்.

பாறணை நாள் விடிய நான் சிறை வாசலுக்குப் போக, அந்தப் பெண் ஈரத்தலையோடு வந்தாள். சோறு, பருப்பு, பூசணிக்காய்க் கறி, கத்தரிக்காய்ப் பால்கறி எல்லாம் சட்டிகளில். காவலர் கரண்டியை நீட்டி ஒரு வாய் சாப்பிடச் சொன்னார். அவள் பின்னுக்குப் போய்விட்டாள்.

"விரதகாரர் வாய் வைக்க முந்தி நான் வைக்கமாட்டன் அக்கா."

"பிள்ளை, ஒரு பருக்கை வாயிலை போடு. இல்லாட்டி மனுசனைக் கப்பல் ஏத்திப்போடுவாங்கள்."

"இவ்வளவு நாள் பட்டினி கிடந்தவருக்கு என்ரை எச்சிலையோ குடுக்கிறது?"

காவலரின் முகம் மாறிவிட்டது. சமைத்தவளே சாப்பிடப் பயப்படுகிறாள் என்றால் உள்ளே என்ன இருக்கிறது? தான் தொட்டுப் பார்க்கிறேன் என்று ஒருவர் கையை நீட்ட, அவள் சட்டியை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். எனக்கு அவள்மேல் கோபமான கோபம். அறையலாம் போல இருந்தது.

இயக்குநரைக் கூப்பிட்டார்கள். ருசி பார்க்கிற சட்டமே அவர் போட்டதுதான். அவரே அதை மீறினால் நாளைக்கு ஒரு காவலரும் அவரை மதிக்கமாட்டார். நான் அவள் சொன்னதை அப்படியே சொன்னேன்.

யாராவது ஒருவர் எங்கள் கண்முன்னால் சாப்பிட வேண்டும், அவ்வளவுதானே, அந்த ஒருவர் விரதகாரராகவே இருக்கட்டும் என்றார் இயக்குநர். உள்ளே ஏதாவது இருந்தால் என்று காவலர் இழுத்தார். தான் பக்கத்திலேயே இருப்பதாகச் சொல்லிவிட்டு இயக்குநர் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

கைதியைக் கொண்டுவந்தார்கள். கைகால் கழுவி, கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு, முதல் பிடியை வாயில் வைத்தார். ஆறுதலாக, ரசித்துச் சாப்பிட்டார். அதற்குப் பிறகுதான் மனைவி அதே சாப்பாட்டுக் கோப்பையில் கை வைத்தாள். அவளும் விடிந்ததிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடித்திருக்கவில்லை. இரண்டு பேருக்கும் கண்ணீர், எனக்கும்தான்.

இயக்குநர் என் பக்கம் குனிந்து, இனி நான் சாப்பிடலாமா என்று மெதுவாகக் கேட்டார். ஓம் என்றதும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு எங்களைப் போலவே கையால் அள்ளினார். பால்கறி அவருடைய கழுத்துப்பட்டியில் வடிந்தது. கரண்டி நீட்டிய காவலரும் கடைசியில் ஒரு கத்தரிக்காய்த் துண்டைக் கேட்டு வாங்கினார்.

அன்றிரவு நாப்போலிக் கப்பல் அந்தக் கைதி இல்லாமல் போனது. சில மாதங்களில் வழக்கிலும் அவரை விட்டுவிட்டார்கள். அந்த இயக்குநர் பிறகு வேறு நகரத்துக்கு மாற்றலாகிப் போனதாகக் கேள்வி. ஊரிலும் இங்கேயுமாக எத்தனையோ பெரிய மனிதர்களுக்கு முன்னால் நான் கைகட்டிக் காத்து நின்றிருக்கிறேன். ஆனால் அதிகாரத்தில் இருக்கிற ஒருவர் தன் முறை வரும்வரை எங்களுக்காகக் காத்திருந்ததை நான் பார்த்தது அந்தச் சிறைச்சாலைக்குள் மட்டும்தான்.